ஒரே ஒரு கூட்டல் அட்டை

3

காணாமல் போன பொருளை ஜான்சி முதன்முதலில் பார்த்தது ஹர்ஷாவின் மொபைலில். பச்சை நிற அட்டை ஒன்று. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். அதன் மேல் சில டிரான்சிஸ்டர்கள், கொஞ்சம் ரெசிஸ்டர்கள், ஒரு விளிம்பில் தங்கப் பூச்சுப் பற்கள்.

"இதுக்கா போலீஸ்?" ஜான்சியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான் அவளுடைய உதவியாளன் கிறிஸ்டோபர். "ஜூனா பஜார் காயலான் கடைல இந்த மாதிரி கிலோ கணக்குல குடுப்பான் அக்கா. பேரம் பேசினா ஒரு பழைய மிக்சியும் தருவான்."

"இது கிடைக்காது," என்றான் ஹர்ஷா. "இது இல்லேன்னா மெஷின் டோட்டல் டெட்."

சனிக்கிழமை மத்தியானம். புனேயின் ஔந்து பகுதியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் கேட்டருகே மூவரும் நின்றிருந்தார்கள். ஹர்ஷா ஹடப்சரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன். வார இறுதிகளில் இங்கே வந்து சுந்தரராமன் என்பவரின் பழைய கணினியைப் பழுது பார்ப்பான். சம்பளத்துக்காக இல்லை, ஆசைக்காக. நேற்றுக் காலை அந்தக் கணினி இயங்கவில்லை. திறந்து பார்த்தால் ஒரு அட்டை இல்லை. அதற்கு முந்தின சாயங்காலம் உள்ளே கை வைத்தவன் ஹர்ஷா.

"இன்னிக்கு ஈவினிங் வரைக்கும் டைம் குடுத்திருக்கார் அங்கிள். கார்டு வரலேன்னா போலீஸ் சௌக்கி. திங்கட்கிழமை நான் வேற கம்பெனில ஜாயின் பண்ணணும். பேக்ரவுண்ட் செக் பண்ணுவாங்க, மேம். திருட்டு கம்ப்ளெய்ன்ட் இருந்தா ஆஃபர் போச்சு. நான் எடுக்கலை."

"எடுத்திருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டே," என்றாள் ஜான்சி. "வா."

ஜான்சிக்கு நாற்பத்து நாலு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீ விபத்துகளை விசாரித்து விசாரித்து அலுத்துப்போய், கட்கி பஜாரில் பெயின்ட் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். கிறிஸ்டோபர் நிக்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மற்ற நாட்களில் அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டுவான், வாயையும் சேர்த்து.

கதவைத் திறந்தவர் அபயாம்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹர்ஷாவைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் வாடியது.

"வாங்கோ. அவர் ஹால்ல இருக்கார். ஹால்னு நான் சொல்றேன், அவர் மியூசியம்னு சொல்லுவார். சோபா போட இடம் கிடையாது. நாளைக்கு சயன்ஸ் சென்டர்காரா வந்து பார்த்துட்டு எடுத்துண்டு போயிட்டா எனக்கு விடுதலை." பிறகு கிறிஸ்டோபரிடம், "நீ எங்கேந்துப்பா வரே?"

"நிக்டி, ஆன்ட்டி."

"அப்படியா. என் தங்கையும் அங்கதான், யமுனாநகர்ல இருக்கா."

ஹாலில் டைப்ரைட்டர்கள், டேப் சுருள்கள், பச்சைத் திரை மானிட்டர்கள். அவற்றுக்கு நடுவே, தனி மேஜையில், மகாராஜா போல அது உட்கார்ந்திருந்தது. மெரிடியன்-எஸ். பெரிய டிரங்குப் பெட்டி அளவு. முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், அவற்றுக்குக் கீழே ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சுவிட்சுகள்.

பக்கத்திலேயே கைகட்டி நின்றிருந்தார் சுந்தரராமன். வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளைக்கு வரப்போகிறவர்கள் மெரிடியன் ஓடுவதைப் பார்த்தால்தான் மொத்தச் சேகரிப்பையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஓடாவிட்டால் பழைய இரும்புக்கு நடுவே இதுவும் பழைய இரும்பு.

"டிடெக்டிவ் எதுக்கும்மா?" என்றார் ஜான்சியிடம். "நூத்துக்கணக்கான அட்டை இருக்கு உள்ளே. எல்லாம் ஒரே மாதிரி. அதுல சரியா இந்த ஒண்ணைத் தெரிஞ்சு உருவணும்னா டிசைன் தெரிஞ்சவனாத்தான் இருக்கணும். புனேல டிசைன் தெரிஞ்சவா ரெண்டே பேர். நான் ஒண்ணு. இன்னொண்ணு இவன்."

"எனக்கு அந்த டிசைனைக் கொஞ்சம் சொல்லுங்க சார்."

கோபத்தில் இருந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. இதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார் என்று தெரிந்தது.

"அறுபதுகள்ல கம்ப்யூட்டர்னா பெரிய பெரிய கம்பெனிதான் வாங்க முடியும். விலையைக் குறைக்கறதுக்கு இதைத் தயார் பண்ணின கம்பெனிக்காரா ஒரு காரியம் பண்ணினா. இதுல ஒவ்வொரு எண்ணுக்கும் பன்னிரண்டு ஸ்தானம். பெரிய மெஷின்ல ஸ்தானத்துக்கு ஒண்ணா பன்னிரண்டு கூட்டல் சர்க்யூட் இருக்கும். ஒரே வீச்சுல கூட்டிடும். இதுல ஒண்ணே ஒண்ணுதான். வலது கோடிலேந்து ஒவ்வொரு ஸ்தானமா வரிசைல வந்து அதுக்குள்ள நுழைஞ்சு போகணும். மெதுவா ஓடும். ஆனா விலை பாதிக்கும் கீழே."

"ஒரே கவுன்ட்டர் திறந்து வெச்ச ரேஷன் கடை," என்றான் கிறிஸ்டோபர்.

மோர் டம்ளர்களோடு வந்த அபயாம்பாள், "ரேஷன் கடைல வாங்கினவன் பையைத் தூக்கிண்டு போயிண்டே இருப்பான். இங்க அப்படி இல்லையே. மிச்சம் இருந்தா அடுத்தவன் கைல குடுத்துட்டுன்னா போகணும்," என்று சொல்லியபடி டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார்.

சுந்தரராமன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "அந்த ஒரே கூட்டல் சர்க்யூட் இருந்த அட்டைதான் போனது. அடுத்த கட்டளை எந்த விலாசத்துல இருக்குன்னு கணக்குப் போடறதும் அதே அட்டைதான். அது இல்லேன்னா மெஷின் நின்ன இடத்துலயே நிக்கும்."

ஜான்சி கணினியைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் கதவு போலத் திறந்திருந்தது. உள்ளே புத்தக அலமாரி மாதிரி வரிசை வரிசையாக அட்டைகள். மேல் வரிசையில் ஒரே ஒரு பல் விழுந்த இடம். அடிவரிசையை ஒரு வெற்றுத் தகடு மூடியிருந்தது. பல் விழுந்த இடத்துக்கு நேரே, கண்ணாடித் தடுப்பில், சிவப்பு அம்புக்குறி போட்ட ஒரு பலகை தொங்கியது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் ஏதோ எழுதியிருந்தது.

"கிறிஸ், சத்தமாப் படி."

கிறிஸ்டோபர் மராத்தியைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "'இந்த இயந்திரத்தின் ஒரே கூட்டல் அட்டை இதுதான். இதைக் கழற்றினால் இயந்திரம் நின்றுவிடும்.' சார், இது யாரு எழுதினது?"

"நான்தான். பார்க்க வரவாளுக்குப் புரியணுமேன்னு."

"திருடனுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு. அம்பு வேற போட்டிருக்கீங்க. ஒரு ஸ்டூலும் போட்டிருந்தா உக்காந்து எடுத்திருப்பான்."

ஹர்ஷா முதல் தடவையாகச் சிரித்தான்.

"ஆக, டிசைன் தெரிஞ்சிருக்க வேண்டாம். படிக்கத் தெரிஞ்சா போதும்," என்றாள் ஜான்சி. "சார், கடைசியா இது எப்ப ஓடினது?"

"வியாழக்கிழமை கார்த்தால. பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்ணிக் காட்டற புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். மத்தியானம் பேங்க் வேலையா டெக்கான் ஏரியாவுக்குப் போயிட்டேன். நாளைக்கு வரவாளுக்காக சாயங்காலம் ஹர்ஷா ஆபீஸ் முடிஞ்சு வந்து ஃபேன் துடைச்சான். மறுநாள் பார்த்தா இப்படி."

"சாயங்காலம் நான் பவரே போடலை, அங்கிள்."

"அப்ப கடைசியா ஓடினது உங்க எண்ணிக்கை புரோகிராம். கரண்ட் போனா அது அழிஞ்சிடுமா?"

"அழியாதும்மா. அதுதான் இதோட அழகு. கடுகளவு காந்த வளையங்களைக் கம்பில கோத்து வெச்சிருக்கான். ஒவ்வொரு வளையத்துலயும் ஒரு ஸ்தானம். பிளக்கைப் பிடுங்கினாலும் காந்தம் காந்தமாத்தான் இருக்கும். கடைசியா என்ன போட்டோமோ அது அப்படியே உக்காந்திருக்கும்."

"அதைப் பார்க்கலாமா? இந்த அட்டை இல்லாம?"

ஹர்ஷா முன்னால் வந்தான். "பார்க்கலாம், மேம். ஓடத்தான் ஓடாது. விலாசத்தைக் கையால சுவிட்ச்ல போட்டா, அங்க இருக்கற நம்பர் லைட்ல தெரியும். அடுத்த விலாசத்தையும் கையாலயே போடணும். கொஞ்சம் போரிங்."

"பொய்த் தீ விபத்தை விடவா?"

ஹர்ஷா சாவியைத் திருப்பினான். விசிறி உறுமியது, விளக்குகள் எரிந்தன. அவன் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்ட, விளக்கு வரிசை மாறி மாறி ஒளிர்ந்தது. இரண்டாவது எண்ணிலேயே அவன் நெற்றி சுருங்கியது.

"அங்கிள், இது உங்க புரோகிராம் இல்லை."

சுந்தரராமன் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார். "இல்லையே. யார் போட்டது இதை?"

எண்ணிக்கை புரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருந்தது. முதலில் சில கட்டளைகள். ஒரு எண்ணை எடு, அது தீரும்வரை சும்மா சுற்று, மறுபடி சுற்று, பிறகு அடுத்த எண். அதற்குப் பின்னால் ஜோடி ஜோடியாக எண்கள்.

"எதையும் கணக்குப் போடலை. டைம் பாஸ் பண்ணுது," என்றான் கிறிஸ்டோபர். "கவர்மென்ட் ஆபீஸ் புரோகிராம்."

ஹர்ஷா மட்டும் சிரிக்கவில்லை. "இது ம்யூசிக்," என்றான் மெதுவாக. "இந்த மெஷின்ல ஸ்பீக்கர் கிடையாது. ஆனா ஓடும்போது பக்கத்துல ரேடியோ வெச்சா அதுல இரைச்சல் கேக்கும். எவ்வளவு வேகமா சுத்துதோ அதைப் பொறுத்து சத்தம் மாறும். ஜோடில முதல் நம்பர் ஸ்வரம். பெரிய நம்பர்னா மெதுவா சுத்தும், கீழ் ஸ்வரம். ரெண்டாவது நம்பர் எவ்வளவு நேரம்னு."

ஜான்சி திரும்பிப் பார்ப்பதற்குள் கிறிஸ்டோபர் மொபைலில் கீபோர்டைத் திறந்துவிட்டான்.

ஹர்ஷா எண்களைச் சொன்னான். கிறிஸ்டோபர் ஒரு ஸ்வரத்தைத் தொட்டான், தலையாட்டினான், வேறொன்றைத் தொட்டான். ஒரு வரி தேறியது. அதை மறுபடி வாசித்தான். இரண்டாவது வரி பாதியிலேயே அவன் விரல்கள் ஹர்ஷாவுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தன. நம்பர் சொல்லாமலே மீதியை வாசித்து முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இது குப்பை வண்டி."

"எது?"

"எங்க ஏரியா குப்பை வண்டிப் பாட்டு. டெய்லி காலைல இதைக் கேட்டுத்தான் எங்கம்மா பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடும்."

"குப்பை வண்டி இங்கயும்தான் வரது," என்றார் சுந்தரராமன். "இந்தப் பாட்டு இல்லையே."

"இது புனே கார்ப்பரேஷன் சார். நிக்டி பிம்ப்ரி-சிஞ்ச்வட் கார்ப்பரேஷன். அவங்க வேற, அவங்க குப்பை வேற, பாட்டும் வேற."

சுந்தரராமனின் முகம் சிவந்தது. "நிக்டியா? சூர்யநாராயணன். அவன்தான். அவனும் பழைய கம்ப்யூட்டர் சேர்க்கறவன். போன மாசம் வந்தவன் இந்த மெரிடியனை வெச்ச கண் வாங்காம பார்த்தான். நான் இல்லாத நேரமாப் பார்த்து வந்திருக்கான்."

யாரும் தடுப்பதற்குள் அவர் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் கேட்டன.

"சுந்தரம், சத்தமாப் பேசு. கோயம்புத்தூர்ல மச்சினன் பெண் கல்யாணம். புதன்கிழமையே வந்தாச்சு. உன் மெரிடியன் சௌக்கியமா?"

சுந்தரராமன், "சௌக்கியம், சும்மாத்தான் கூப்பிட்டேன்," என்று முனகிவிட்டு வைத்தார். கிறிஸ்டோபர் மோரைக் குடித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஜான்சி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அபயாம்பாள் அங்கே இல்லை. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. ஜான்சி அதைத் திருகினாள். வெறும் இரைச்சல். முள் நின்ற இடத்தில் எந்த ஸ்டேஷனும் இல்லை. கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் மராத்தி செய்தி கேட்டது. வலது பக்கம் விவசாய நிகழ்ச்சி. அவள் முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஹாலுக்குத் திரும்பினாள்.

"சார், அட்டையை எங்கெல்லாம் தேடினீங்க?"

"வீடு பூரா. இவன் பையைக் கூட. கார் டிக்கி, மாடி, செருப்பு ஸ்டாண்ட்."

"மெஷினுக்குள்ள?"

"மெஷின்லேந்துதானேம்மா காணாம போச்சு."

"இந்தப் பாட்டைப் போட்டவங்களை யோசிச்சுப் பாருங்க சார். ஒவ்வொரு நம்பரா சுவிட்சைத் தட்டித் தட்டிப் போட்டிருக்காங்க. இந்த மெஷின் மேல உயிரா இருந்தாத்தான் அவ்வளவு பொறுமை வரும். அப்படிப்பட்டவங்க அட்டையை உருவினா, டிராயர்ல போடுவாங்களா? பல்லுல கீறல் விழுந்திடும்னு பயப்படுவாங்க. ஹர்ஷா, ஒரு அட்டைக்கு ரொம்பப் பத்திரமான இடம் எது?"

"ஸ்லாட்தான், மேம்." சொல்லிவிட்டு ஹர்ஷா அப்படியே நின்றான். பிறகு அடிவரிசையை மூடியிருந்த வெற்றுத் தகட்டைப் பார்த்தான்.

"அது எதுக்கு?" என்றான் கிறிஸ்டோபர்.

"விலை கம்மியா விக்கறதுக்காக அடிப்படை மெஷினை மட்டும் குடுத்தாங்க. எக்ஸ்ட்ரா வேணும்னா அப்புறம் வாங்கி மாட்டிக்கலாம்னு காலி ஸ்லாட் விட்டாங்க. இதுல யாரும் எதுவும் வாங்கலை. ஒயரே இழுக்கலை, வெறும் ஓட்டை."

அவன் சாவியைத் திருப்பி மெஷினை அணைத்துவிட்டு, தகட்டின் திருகுகளைக் கழற்றினான். உள்ளே இருண்ட, காலியான வரிசை. அதன் ஓரத்தில், தனியாக, நிமிர்ந்து நின்றது பச்சை அட்டை.

சுந்தரராமன் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"வீட்டை விட்டே போகலை," என்றான் கிறிஸ்டோபர். "மேல் மாடிலேந்து கீழ் மாடிக்குக் குடித்தனம் மாத்தியிருக்கு."

"யார்?" என்றார் சுந்தரராமன். "யார் பண்ணினது?"

ஜான்சி வாசற்படியைப் பார்த்தாள். மடித்த துணிகளை நெஞ்சோடு அணைத்தபடி அபயாம்பாள் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார். "அந்தப் பிள்ளையை விட்டுடுங்கோ."

"நீயா? உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

"நீங்கதானே சொல்லித் தந்தேள்."

"நானா? எப்போ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை. யார் வந்தாலும் முதல்லேந்து சொல்லுவேள். நான் மோர் குடுத்துண்டு, டம்ளர் எடுத்துண்டு, கேட்டுண்டே இருப்பேன். எக்ஸ்சேஞ்ச்ல நாள் பூரா சுவிட்ச் போட்ட கை. ஒருநாள் நீங்க வெளியில போனப்போ தட்டிப் பார்த்தேன். விளக்கு நான் சொன்னபடி கேட்டுது. அப்புறம் விட முடியலை." துணியைக் கீழே வைத்தார். "தங்கை காலை உடைச்சுண்டு படுத்திருந்தப்போ நிக்டில போய் இருந்தேனே, அந்தக் குப்பை வண்டிப் பாட்டு மண்டைக்குள்ள ஏறிடுத்து. இறக்கி வைக்க இடம் வேணுமோல்லியோ. இதுல இறக்கி வெச்சேன்."

"ஆனா நீதானே இதைத் தூக்கிப் போடச் சொன்னே? சோபா போடணும்னு?"

"மொதல்ல நிஜமாத்தான் சொன்னேன். அப்புறம் எனக்கே பிடிச்சுப் போயிடுத்து. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இத்தனை நாள் திட்டிட்டு இப்போ வெச்சுக்கலாம்னு சொன்னா நீங்க சிரிப்பேள். நாளைக்கு எடுத்துண்டு போயிடுவா. வியாழக்கிழமை மத்தியானம் கடைசி தடவையா அந்தப் பாட்டைப் போட்டு ரேடியோல கேட்டேன். கேட்டதும் மனசு கேக்கலை. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி அட்டையைக் கீழே இறக்கிட்டேன். ஓடலேன்னா வந்தவா திரும்பிப் போயிடுவான்னு நினைச்சேன். நீங்க இந்தப் பிள்ளையைப் பிடிச்சுப்பேள்னு சத்தியமா நினைக்கலை. சாயங்காலம் போலீஸ்னு நீங்க கிளம்பினா வாசல்லயே சொல்லிடறதுன்னுதான் இருந்தேன்." ஹர்ஷாவின் பக்கம் திரும்பினார். "நேத்தே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுப்பா."

ஹர்ஷாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "பரவால்லை, ஆன்ட்டி. ஆனா அந்த லூப் சூப்பர். நான் எழுதினா ரெண்டு லைன் ஜாஸ்தி வந்திருக்கும்."

சுந்தரராமன் ஹர்ஷாவிடம் வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேன். உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முழுதாகச் சொன்னார்.

மறுநாள் காலை அட்டை மேல்வரிசைக்குத் திரும்பியிருந்தது. சயன்ஸ் சென்டரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஜான்சியும், சர்ச் முடித்து வந்த கிறிஸ்டோபரும் ஓரமாக நின்றார்கள். விளக்கம் சொன்னது சுந்தரராமன். சுவிட்ச் போட்டது அபயாம்பாள். ரேடியோவில் குப்பை வண்டிப் பாட்டு கரகரவென்று கிளம்பியதும், பிம்ப்ரியிலிருந்து வந்த அதிகாரி அனிச்சையாக வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும் சிரித்ததில் அவரும் சேர்ந்துகொண்டார்.

"எங்களுக்கு வேணும்," என்றார் அவர் ஹிந்தியில். "ஆனால் இதை ஓட்ட எங்களிடம் ஆள் இல்லை."

"சனிக்கிழமைகள்ல நான் வரேன்," என்றார் அபயாம்பாள், அவருக்குக் குறையாத ஹிந்தியில். "மெஷினைக் கொண்டுபோனா என்னையும் சேர்த்துத்தான். ஒப்புத்துண்டா எடுத்துக்கோங்கோ."

ஒப்புக்கொண்டார்கள். லாரி அடுத்த வாரம் வரும் என்று முடிவானது.

அவர்கள் போன பிறகு சுந்தரராமன் ஜான்சியைத் தனியாக அழைத்தார். "ஒரு வேலை பண்ணித் தர முடியுமாம்மா? முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். மத்தியானத்துல இவ வேற என்னென்ன கத்துண்டு வெச்சிருக்கான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"அதுக்கு டிடெக்டிவ் வேண்டாம் சார். கேட்டாலே சொல்லிடுவாங்க."

அவர் ஹாலுக்குத் திரும்பி வந்தார். பிறகு, பார்க்க வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த மர நாற்காலியை இழுத்து, மெரிடியனுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அபயம்," என்றார், "முதல் சுவிட்ச்லேந்து சொல்லு. நான் குறுக்கே பேசலை."